வாயினுள் நெருப்பு: ஸ்ரீகாகுளத்துச் சுருட்டு சொல்லும் வரலாறு

புகைவண்டிப் பணியில் வயிறு வளர்ப்பவன் புகையைக் கண்டித்துக் கட்டுரை எழுதுவது பொருந்துமோ என்று நண்பர் ஒருவர் நகைத்தார். புகைவண்டியில் இன்று புகை இல்லை. அதன் பெயரில் மட்டுமே புகை தங்கியிருக்கிறது. நீராவி எஞ்சின்கள் ஓய்ந்து போயின. பெட்டிக்குள் பிறர் முகத்தில் புகையை ஊதிக்கொண்டு வரும் வழக்கமும் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஒழியாமல் நிற்பது வீட்டுக்குள் புகுந்த புகையிலைதான். அதனைக் குறித்தே நம் சங்கத்தின் ஆண்டு மலரில் சில சொல்ல விழைகிறேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எழுத்தன் நான். மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆயினும், நாம் குடியிருக்கும் இவ்விசாகப்பட்டினத்திலிருந்து வடக்கே இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், உலகம் திரும்பிப் பார்த்த பெரும்பணி ஒன்று நடந்தது. நம்மவருள் பலர் அதனை அறியார். அறிந்தால் நம் காலனிக்கும் அதில் ஒரு பாடம் உண்டு என்பதை ஒப்புவர்.

மூடிய வாயும் வெளிவந்த புகையும்

2006ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துச் சிறு நிலையம் ஒன்றில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தராக இருந்தேன். காலைப் பாசஞ்சர் வண்டிக்கு மீன்கூடை சுமந்த பெண்டிர் பலர் வருவர். ஒருநாள் மூதாட்டி ஒருத்தி சீட்டு வாங்கச் சாளரத்தின் முன் நின்றாள். அவள் வாய் இறுக மூடியிருந்தது. உதட்டோரத்தில் ஒரு சிறு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் நெருப்பு இல்லை. ஆயினும் புகை வந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டி அத்துண்டை வெளியே எடுத்தபோதுதான் கண்டேன்: அது ஒரு சுருட்டு, எரியும் முனை அவள் வாய்க்குள் இருந்தது! சீட்டை வாங்கியதும் மறுபடியும் நெருப்பு முனையை உள்ளே வைத்து வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

அப்போது என் அன்னையார் என்னுடன் குவார்ட்டர்ஸில் இருந்தார். மாலைப் பொழுதில் நடைமேடைப் பெஞ்சியில் வந்து அமர்வது அவர் வழக்கம். அவரும் அம்மூதாட்டியைக் கண்டு, “ஐயோ, நெருப்பை வாயில் வைக்கிறாளே! இவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லையா?” என்று இரங்கினார். அவர் அவ்வாறு இரங்கிய வேளையில் அவருடைய இடக் கன்னத்தில் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை அடங்கியிருந்தது. அந்நேரம் அது எனக்கு ஒரு பொருளாகவே தோன்றவில்லை. நிற்க.

சுருட்டு என்னும் நம் சொல்

புகையிலை நம் நாட்டுச் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் அதனைக் கொணர்ந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்காணத்துப் பீஜப்பூரில் அதனைக் கண்ட அசத் பேக் என்னும் அரண்மனை அலுவலர், அக்பரின் அவைக்கு ஒரு புகைக்குழாயுடன் எடுத்துச் சென்ற செய்தி வரலாற்றில் உண்டு. அரசர் ஆவலோடு சிறிது இழுத்துப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் தடுத்தார். பின்னர் அது மிக விரைவாக நாடெங்கும் பரவியது.

தென்னாட்டில் இலையைச் சுருட்டிப் பற்றவைத்துக் குடித்தனர். நம்மவர் அதற்கு இட்ட பெயர் சுருட்டு. ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ என வழங்கும் சொல் இதன் திரிபே. திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் சுற்றிய சுருட்டுகள் கடல் கடந்து சென்றன. 1887ஆம் ஆண்டில் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் ஒரு துப்பாக வருகிறது. மொழிக்கு ஒரு சொல்லை ஏற்றுமதி செய்தோம் எனப் பெருமைப்படலாம். அச்சொல்லோடு சென்ற பொருளை எண்ணித்தான் பெருமைப்பட இயலவில்லை.

தெலுங்கர் இதனைச் ‘சுட்ட’ என்பர். சுற்றப்பட்டது என்பதே அச்சொல்லின் கருத்து. ஆயினும் தமிழ்க் காதுக்கு அது வேறு வகையாக ஒலிக்கிறது. வாயைச் சுட்டதும் உண்மைதானே! கோதாவரி ஆற்றுத் திட்டுகளில் விளையும் ‘லங்கா’ப் புகையிலை பெயர் பெற்றது. ஆந்திரக் கடலோரத்து ஏழைகள் முரட்டு இலையைத் தம் கையாலேயே சுற்றிக்கொள்வர். எரியும் முனையை வாய்க்குள் வைத்துக் குடிப்பதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘அட்டபொக’ என்பது. ‘பொக’ என்பது நம் புகையே.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதற்குப் பல காரணம் கூறுவர். கடற்காற்றில் நெருப்பு அணையாது. ஈரக் கையோடு வேலை செய்கையில் சுருட்டு நனையாது. இடுப்பிலுள்ள குழந்தைமேல் சாம்பல் உதிராது. ஒரு சுருட்டு நெடுநேரம் வரும் என்பன அவற்றுட் சில. பல்வலிக்கு மருந்து என்று தொடங்கியவரும் உண்டு. தாயைக் கண்டு மகள் தொடங்கியது மிகுதி. ஆண்களும் இவ்வாறு குடிப்பர். ஆயினும் பெண்களிடமே இது பெரிதும் வேரூன்றியது. பிலிப்பைன்ஸ் தீவுகளிலும், சார்டினியாவிலும், தென் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் இத்தகைய வழக்கம் இருந்ததுண்டு. ஆகவே இதனை ஓர் ஊராரின் பேதைமை என்று ஒதுக்கிவிடலாகாது.

அரசர் ஆணையும் அதன் முடிவும்

புகையிலையை ஒழிக்க முயன்றவர்களுள் முற்பட்டவர் அரசர்களே. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604ஆம் ஆண்டில் புகையிலையைக் கடிந்து தாமே ஒரு நூல் எழுதினார். இராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். இங்கே ஜஹாங்கீர் 1617ஆம் ஆண்டில் புகைபிடித்தலைத் தடை செய்து ஆணையிட்டார். பாரசீகத்து ஷா அப்பாஸும் அவ்வாறே செய்தார். விளைவு யாது? இலண்டனில் புகைபிடிப்போர் பெருகினர். இந்தியாவில் புகையிலை உழவர்க்குப் பணப்பயிராயிற்று. ஹுக்கா கனவான்களின் அணிகலனாயிற்று.

அரசனுடைய ஆணை கோட்டை வாயில் வரை வரும். கடைத்தெரு வரையும் வரலாம். குடிசைக்குள் மீன் கழுவிக்கொண்டிருக்கும் பெண்ணின் மூடிய வாய்க்குள் அது புகுவதில்லை. அங்கே புகத்தக்கது வேறொன்று. அது யாது என்பதைக் கண்டறிய மேலும் மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

மருத்துவர் கண்ட உண்மை

விசாகப்பட்டினம் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஸ்ரீகாகுளம் தனி மாவட்டமானது 1950இல். ஆந்திர மாநிலம் பிரிந்தது 1953 அக்டோபர் 1இல். அதற்கும் முன்பே இவ்வூர் மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கவனித்தனர். மற்ற இடங்களில் வாய்ப்புற்று கன்னத்திலும் நாவிலும் வரும். புகையிலையை அடக்கிவைக்கும் இடத்தில் வரும். இக்கரையிலோ மேலண்ணத்தில், அதாவது வாயின் கூரையில், வந்தது. வேறிடங்களில் மேலண்ணப் புற்று மிக அரிது. இங்கே மட்டும் மிகுவானேன்?

1937ஆம் ஆண்டில் மருத்துவர்கள் கினி, சுப்பா ராவ் ஆகிய இருவரும் இதனை எழுத்தில் பதிந்தனர். 1945இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த கானோல்கரும் சூரியாபாயும், இந்திய மக்களின் பழக்கங்களோடு தொடர்புடைய புற்று வகைகளை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தனர். 1957இல் ரெட்டி, ராவ் என்னும் மருத்துவர் இருவர், எரிமுனையை வாய்க்குள் வைத்துக் குடிக்கும் சுருட்டே ஆந்திரக் கடலோரத்து மேலண்ணப் புற்றுக்குக் காரணம் என்று எழுதினர். சூடும் புகையும் சாம்பலும் நாள்தோறும் எவ்விடத்தைத் தாக்கினவோ அவ்விடத்திலேயே நோய் முளைத்தது. நோய் நின்ற இடமே நோயின் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது.

இவ்வளவும் மருத்துவமனையில் இருந்தபடி கண்டவை. மருத்துவமனைக்கு வருபவர் முற்றிய நோயோடு வருவர். புற்று முளைப்பதற்கு முன் வாய்க்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிய வேண்டுமாயின், மருத்துவர் ஊருக்குள் செல்ல வேண்டும்.

வீடு வீடாகச் சென்றவர்கள்

சென்றவர்கள் பல் மருத்துவர்கள். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாய்வுப் பிரிவொன்று இருந்தது. அணு ஆராய்ச்சிக்குப் பெயர் போன அந்நிலையத்தில் பல்லுக்கும் ஓரிடம் கிடைத்தது நம் நல்வினை எனலாம். அப்பிரிவின் மருத்துவர் ஃபாலி மேத்தா, டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் பிண்ட்போர்க், புள்ளியியலறிஞர் பிரகாஷ் குப்தா முதலியோர் 1960களில் ஒரு பெரும் கணக்கெடுப்பைத் தொடங்கினர். அக்காலத்தில் அமெரிக்கக் கோதுமை நம் நாட்டுக்கு ரூபாய்க்கு விற்கப்பட்டதன்றோ? அந்த ரூபாய் நிதியிலிருந்தே இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி கிடைத்தது.

கேரளத்து எறணாகுளம், குஜராத்துப் பவநகர், ஆந்திரத்து ஸ்ரீகாகுளம், பீகாரின் சிங்பூம், தர்பங்கா ஆகிய ஐந்து மாவட்டங்களில் 50,915 சிற்றூர் மக்களின் வாய்களை ஆராய்ந்தனர். அக்கணக்கு 1969இல் வெளிவந்தது. ஸ்ரீகாகுளத்தில் மட்டும் 10,169 பேரைச் சோதித்த விவரம் 1971இல் தனியே வெளிவந்தது. அவருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் சுருட்டைத் தலைகீழாகக் குடிப்பவர்! அவர்களது மேலண்ணத்தில் வெண்படலமும், நிறம் வெளுத்த திட்டுகளும், செந்நிறப் புள்ளிகளும், புண்களும் காணப்பட்டன. இவை எல்லாம் புற்று அல்ல. ஆனால் புற்றுக்கு முன்னறிவிப்பாவன பல. வெளிச்சமும் ஒரு சிறு கண்ணாடியும் இருந்தால் எவரும் காணத்தக்கவை.

இப்பணியின் பெருமையை நாம் நன்கு உணர வேண்டும். தார்ச்சாலை இல்லாத ஊர். மொழி அறியாத மருத்துவர். வாயைத் திறந்து காட்ட நாணும் பெண்டிர். ஊர்ப் பெரியவரைக் கண்டு பேசி, திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டுகளிலும் அவ்வீடுகளுக்கே மீண்டும் சென்றார்கள். ஒருமுறை வந்து போகிறவன் விருந்தாளி. மீண்டும் மீண்டும் வருகிறவன் உறவினன் ஆகிவிடுகிறான்.

சொல்லிப் பார்த்தால் என்ன?

நோயின் காரணம் தெரிந்தபின் சும்மா இருப்பது அறமாகுமா? 1970களின் பிற்பகுதியில் அக்குழுவினர் அடுத்த படியில் கால் வைத்தனர். எறணாகுளம், பவநகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் புகையிலைப் பழக்கமுள்ள ஏறத்தாழ 36,000 பேரைத் தேர்ந்தனர். ஆண்டுதோறும் அவர்கள் வீடு சென்று வாயைச் சோதித்தனர். பழக்கத்தை விடுமாறு நேரில் எடுத்துரைத்தனர். அதனோடு சுவரொட்டி, படக்காட்சி, நாடகம், வானொலி, செய்தித்தாள் ஆகிய எல்லாவற்றையும் துணைக்கொண்டனர். முற்பட்ட பத்தாண்டில் அதே பகுதிகளில் இத்தகைய பரப்புரை இன்றிக் கண்காணிக்கப்பட்ட மக்களின் கணக்கோடு இவர்களை ஒப்பிட்டனர்.

மீரா ஆகி என்னும் அம்மையார் இப்பணியில் மனித நடத்தையை ஆராய்ந்தவர். பெண்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று முதலில் அவர்களையே கேட்பது அவர் போன்றோர் கொண்ட முறை. பல்வலிக்கென்று தொடங்கியவளிடம் பல்லைப் பற்றிப் பேச வேண்டும். குழந்தைமேல் சாம்பல் விழும் என்று அஞ்சுகிறவளிடம் குழந்தையைப் பற்றிப் பேச வேண்டும். காரணத்தைக் கேளாது கட்டளையிடுவோன் சொல் எவர் காதில் ஏறும்?

முதல் ஐந்தாண்டு முடிவுகள் 1986ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் இலண்டன் மருத்துவ இதழில் வெளியாயின. அறிவுரை பெற்ற குழுவினருள் பழக்கத்தை விட்டவரும் குறைத்தவரும் பழைய குழுவினரைக் காட்டிலும் மிகுந்திருந்தனர். எறணாகுளத்தில் வாய்க்குள் புதிதாகத் தோன்றும் வெண்படலம் வெகுவாகக் குறைந்தது. ஸ்ரீகாகுளத்தில் மேலண்ணக் கேடுகள் குறைந்தன. முற்றும் விட்டவர் சிறுபான்மையினரே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ‘இவர்கள் படியாதவர்கள், பழக்கத்தை விடமாட்டார்கள்’ என்ற பழஞ்சொல் பொய்த்தது. சொல்ல வேண்டிய முறையில் சொன்னால் மக்கள் கேட்பர் என்பதும், விட்டவரின் வாய் தேறும் என்பதும் கணக்கினால் மெய்ப்பிக்கப்பட்டன. வாய்ப்புற்றை வருமுன் காக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய முயற்சிகளுள் இது முதன்மையானது.

ஸ்ரீகாகுளத்தில் அவ்வழக்கம் அடியோடு மறைந்துவிட்டதா? இல்லை. நான் கண்ட மூதாட்டியே அதற்குச் சான்று. கடலோரத்து முதியோரிடம் இன்றும் உண்டு. பயிர் முழுதும் விளையவில்லை என்பதற்காக விதைத்தவரைக் குறை கூறலாமா?

ஊரார் தாமே செய்தவை

பிற்காலத்தில் ஊர்கள் தாமாகவே முன்வந்தன. கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த கூளிமாடு என்னும் சிற்றூர் 1990களில் கடைகளில் புகையிலைப் பொருள் விற்பதில்லை என்று தானே முடிவு செய்தது. நாகாலாந்தில் கோகிமா மாவட்டத்துக் காரிஃபெமா என்னும் ஊர் 2014 மே மாதத்தில் நாட்டின் முதற் புகையிலையற்ற ஊர் என அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர் மன்றமும் மாணவரும் பெண்டிரும் கூடித் தீர்மானம் செய்தனர்; மீறுவோருக்குத் தண்டமும் அவர்களே விதித்தனர். சண்டிகர் நகரம் 2007 சூலையில் புகைபிடியா நகரம் எனப்பட்டதும் குடிமக்கள் சிலரது விடாமுயற்சியால்தான்.

சட்டமும் துணை நின்றது. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சிகரெட்டுப் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் வந்தது. 1999இல் கேரள உயர்நீதிமன்றம் பொதுவிடங்களில் புகைபிடிப்பதைத் தடுத்தது. 2001 நவம்பர் 2இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், இரயில் உள்ளிட்ட பொது ஊர்திகள் ஆகியவற்றில் அதனை நாடெங்கும் விலக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலை விற்பதையும், கல்விக்கூடங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் தடை செய்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிட விதிகள் இறுகின.

நம் இரயில்வேயும் பின்தங்கவில்லை. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 167ஆம் பிரிவு, உடன் பயணம் செய்வோர் மறுத்தால் பெட்டியில் புகைபிடிக்கலாகாது என்றது. 1999இல் நடைமேடையிலும் வண்டியிலும் பீடி, சிகரெட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. நான் சிறுவனாயிருந்தபோது மூன்றாம் மனிதர் விடும் புகையில் இருமிக்கொண்டே ஊர் சென்றது நினைவிருக்கிறது. என் பிள்ளைகள் அதனை அறியார். இது சிறு ஆதாயம் அன்று.

தேசக் கணக்கும் இதனையே சொல்லுகிறது. 2009-10இல் வயது வந்தோருள் நூற்றுக்கு 34.6 பேர் புகையிலையைப் பயன்படுத்தினர். 2016-17இல் அது 28.6 ஆகக் குறைந்தது. ஆனால் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்த 2016-17 கணக்கில் புகைபிடிப்போர் நூற்றுக்கு 10.7 பேர், மெல்லுவோர், அடக்கிவைப்போர் 21.4 பேர்! புகை கண்ணுக்குத் தெரியும். ஆகவே சட்டம் அதனைப் பிடித்தது. கன்னத்துக்குள் கிடப்பதைச் சட்டம் காணாது. வீட்டாரே காண வேண்டும்.

நம் வெற்றிலைப் பெட்டி

இனி நம்மைப் பற்றிச் சிறிது. நம் காலனியில் சுருட்டைத் தலைகீழாகக் குடிப்பவர் எவரும் இலர். அவ்வழக்கத்தைக் கேட்டு வியப்போரே உளர். ஆனால் நம் இல்லங்களில் வெற்றிலைப் பெட்டி உண்டு. அதில் புகையிலைக்கு ஓர் அறை உண்டு. மணவிழாப் பந்தியின் முடிவில் தாம்பூலத் தட்டில் சீவலோடு அதுவும் வந்து அமர்கிறது. வெற்றிலை மங்கலப் பொருள். பெரியோரை மதிப்பதன் அடையாளம். புகையிலையோ நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த விருந்தாளி. மங்கலத்தோடு அதற்கு உறவு இல்லை. பாக்கும் தனியே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வுக் குழு 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி கூறியிருப்பதையும் நாம் மனத்திற் கொள்ள வேண்டும். தாம்பூலம் கொடுத்து வணங்குவது வேறு. நாள் முழுதும் மென்றுகொண்டிருப்பது வேறு.

என் அன்னையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். பல்வலிக்கென்று யாரோ கொடுத்த துண்டில் தொடங்கியது அவர் பழக்கம். ஸ்ரீகாகுளத்துப் பெண்டிர் கூறிய அதே காரணம்! நடைமேடையில் அம்மூதாட்டிக்கு அவர் இரங்கிய சில ஆண்டுகளுக்குப் பின், அவர் காரம் உண்பதை நிறுத்தினார். கேட்டபோது, “வயதாகிவிட்டதப்பா, நாக்குத் தாங்கவில்லை” என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் சோற்றைக் குழைத்து உண்ணத் தொடங்கியபோதும் கேட்கவில்லை. மருத்துவரிடம் சென்ற நாளில் வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. கன்னத்தில் வெண்படலமாகத் தொடங்கியது பன்னெடுங்காலம் முன்பே இருந்திருக்கும் என்றார் மருத்துவர். 2013ஆம் ஆண்டில் அன்னையார் மறைந்தார்.

“இவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லையா?” என்று அவர் கேட்டார் அல்லவா? அம்மூதாட்டியின் ஊருக்காவது பம்பாயிலிருந்து மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்திருக்கக்கூடும். என் அன்னையாருக்குச் சொல்ல வேண்டியவன் ஒரே கூரையின் கீழ் இருந்தான். அவர் கையால் உண்டான். கடைத்தெருவிலிருந்து புகையிலையும் அவனே வாங்கி வந்தான். பெற்றவளின் வாயைத் திறந்து காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எண்ணினேன். அது மரியாதை அன்று, சோம்பலே என்பதைப் பிறகு உணர்ந்தேன்.

சங்கம் செய்யத்தக்கது

வருந்தி எழுதுவதோடு நின்றால் பயன் இல்லை. பெரும் பொருட்செலவு இன்றி நம்மால் ஆகக்கூடிய சிலவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: சங்க விழாக்களிலும் நம் இல்லத் திருமணங்களிலும் தாம்பூலத் தட்டில் புகையிலை வைப்பதில்லை என உறுதி கொள்வோம்.

இரண்டு: பீடி, சிகரெட்டு, புகையிலை வாங்கி வரப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதிருப்போம். சட்டம் அதனை விலக்கியது ஒருபுறம் இருக்க, கடைக்குச் செல்லும் வழியை முதலில் காட்டிக்கொடுப்பவர் நாமே ஆகலாகாது.

மூன்று: ஆண்டுக்கு இருமுறை பல் மருத்துவர் ஒருவரை அழைத்து, மாதர் பகுதியினர் துணையோடு வீடுதோறும் வாய்ச் சோதனை நடத்துவோம். மண்டபத்தில் முகாம் வைத்தால் வர வேண்டியவர் வரார். வீட்டுக்குச் செல்வதே முறை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் பொறுப்பேற்று, அவரே ஒவ்வொரு முறையும் செல்லல் வேண்டும்.

நான்கு: இடைப்பட்ட காலத்தில் நாமே கண்ணாடி முன் நின்று, கன்னம், நாவின் அடி, மேலண்ணம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வோம். வெண்திட்டோ செந்திட்டோ தோன்றினாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறவாவிட்டாலும் உடனே மருத்துவரை நாடுவோம்.

ஐந்து: பழக்கமுள்ளவரை இகழாதிருப்போம். இகழப்பட்டவன் மறைப்பான், மறைத்தவனுக்கு உதவ இயலாது. விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி வழி அரசினர் அறிவுரை கிடைக்கிறது. அதற்கும் முன் நம் வீட்டார் கூறும் ஓர் அன்புச் சொல் கிடைக்கட்டும்.

ஜஹாங்கீரின் ஆணை சாதிக்காததை, மொழி அறியாத ஊரில் திண்ணை திண்ணையாக அமர்ந்த பல் மருத்துவர்கள் ஓரளவேனும் சாதித்தனர். நாமோ ஒரே மொழி பேசுவோர். ஒரே காலனியில் வாழ்வோர். ஒருவர் வீட்டுக் காப்பியின் மணம் மற்றவர் வீட்டுக்குத் தெரியும். நம்மால் ஆகாதா? இவ்வாண்டு விழா முடிந்து வீடு திரும்பியதும், முதியோர் உள்ள இல்லத்தார் அவர்களருகே அமர்ந்து, “கொஞ்சம் வாயைத் திறந்து காட்டுங்கள்” என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேளாது விட்ட கேள்வி அது. உங்கள் இல்லத்திலாவது அது கேட்கப்படுமாயின் இக்கட்டுரை எழுதியதன் பயனை அடைந்தவனாவேன்.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் தொண்டு!